பயிற்றுவிப்போர் பயில்வது எங்ஙனம்?

கிராமங்களில் விளையாட்டு வளர வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டுக் கருவித் தொகுப்பு வழங்கத் தொடங்கியதன் பயனாய், பந்து இல்லை, மட்டை இல்லை என்னும் பழைய குறை பெருமளவு நீங்கியுள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்களும், அவற்றுள் 306 ஊராட்சிகளும் உள்ளன. மாலைப் பொழுதில் பல ஊர்களில் வலை கட்டிய திடலின் இருபுறமும் இளைஞர் கூடி நிற்கும் காட்சி மனத்துக்கு இதமளிக்கிறது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இக்கருவிகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஆடக் கற்பிப்பவர் யார்? அவர் தம் அறிவை எங்கிருந்து பெற்றார்? உழவு இயந்திரம் வாங்குமுன் அதனை ஓட்டத் தெரிந்தவர் உளரா என்று பார்க்கிறோம். பந்து விஷயத்தில் மட்டும் அவ்வாறு பார்ப்பதில்லை. பந்தைக் கொடுத்துவிட்டால் ஆட்டம் தானே வந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம்.

பழனி வட்டாரத்தில் இன்று பயிற்சி அளித்து வருவோரைப் பார்த்தால் நான்கு வகையினர் தென்படுகின்றனர். முதல்வர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இரண்டாமவர், திருவிழாப் பந்தயங்களில் கபடி ஆடிப் பெயரெடுத்து, வயதானபின் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பழக்கும் பழைய ஆட்டக்காரர். மூன்றாமவர், காவலர் தேர்வுக்கும் படைச் சேர்ப்புக்கும் தாம் ஓடிப் பழகிய அனுபவத்தைக் கொண்டு, விடியற்காலையில் பிறரையும் ஓடச் செய்யும் இளைஞர். நான்காமவர் தம் ஆசானிடமிருந்து வழிவழியாய்க் கற்ற சிலம்ப ஆசான். இந்நால்வரும் தொண்டுள்ளம் படைத்தவர்களே. ஆனால் இவர்களது அறிவு வந்த வழிகள் வேறு வேறு. அவ்வழிகளை அறிந்துகொண்டால்தான், எவருக்கு எதில் உதவி தேவை என்பது நமக்கு விளங்கும்.

மூன்று ஊற்றுகள்

ஓர் உழவர் தம் தொழிலை எவ்வாறு கற்கிறார்? தந்தையோடு வயலில் இறங்கிக் கற்பது ஒன்று. வேளாண்மை அலுவலர் நடத்தும் பயிற்சியில் கற்பது மற்றொன்று. தம் வயலில் இவ்வாண்டு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று தாமே எண்ணிப் பார்த்தும், அண்டை வயல்காரரோடு பேசியும் கற்பது மூன்றாவது. ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களில் கவாத்துச் செய்யும் பக்குவத்தைக் கேட்டால், இம்மூன்றும் ஒருவரிடமே கலந்து நிற்பதைக் காணலாம்.

விளையாட்டுப் பயிற்றுநரின் தொழிலறிவும் இம்மூன்று ஊற்றுகளிலிருந்தே சுரக்கிறது: தாம் ஆடிப் பெற்ற அறிவு, கல்விக்கூடத்தில் பெற்ற அறிவு, பயிற்றுவிக்கும்போதே எண்ணியும் உசாவியும் பெறும் அறிவு. முதலிரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் கிராமத்துக்கு எளிதில் கைகூடுவதும், செலவின்றிப் பெருகுவதும் அதுவே என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆடிப் பெற்ற அறிவு

நல்ல ஆட்டக்காரர் பலர் பயிற்றுநராகின்றனர். அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. எதிரணியிலிருந்து பாடி வருபவர் எந்தக் காலில் உடல் பாரத்தை வைத்திருக்கிறார் என்பதைக் கண நேரத்தில் உணரும் கண், ஆண்டுக்கணக்கில் களத்தில் நின்றவர்க்கே வாய்க்கும். எந்த நூலும் அதனைத் தந்துவிடாது.

ஆனால் இவ்வறிவுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தெரிந்ததைச் சொல்ல வராமை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பல்லாண்டு நடந்து வரும் அடியார் ஒருவர், எங்கே இளைப்பாற வேண்டும், எந்த நேரத்தில் நடையைக் குறைக்க வேண்டும் என்பதைத் தவறாது செய்வார். ‘எப்படி அறிந்தீர்?’ என்றால், ‘கால் சொல்லும்’ என்பார். தமக்குப் பயன்படும் அறிவு அது. புதிதாய் நடக்க வருபவர்க்கு அதனை எடுத்து விளக்கப் போதாது. ஆட்டக்காரரும் அத்தகையரே. தாம் செய்வதைச் செய்து காட்டுவார். பிள்ளைக்கு வரவில்லையானால், ‘நான் செய்கிறேனே, உனக்கு ஏன் வரவில்லை?’ என்று சினம் கொள்வார்.

நீளம் தாண்டுதலை எடுத்துக்கொள்வோம். ஓடிவரும் மாணவன் மிதிபலகையைத் தாண்டிக் கால் வைத்துவிடுகிறான். தாண்டியது செல்லாமற் போகிறது. ‘பலகையைப் பார்த்து ஓடு!’ என்று பயிற்றுநர் கூவுகிறார். மாணவன் தலையைத் தாழ்த்திப் பலகையைப் பார்க்கிறான். பார்த்தவுடன் எட்டுகள் குறுகி, வேகம் குன்றி, தாண்டும் நீளமும் குறைந்துவிடுகிறது. உண்மையில் பிழை பலகையருகே இல்லை. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முதல் சில எட்டுகள் ஒரு நாள் நீண்டும் ஒரு நாள் குறுகியும் விழுவதால்தான் முடிவில் கால் தவறுகிறது. தொடங்கும் இடத்தை அளந்து குறியிட்டு, ஒரே காலால் ஒரே வேகத்தில் புறப்படப் பழக்கினால் பலகை தானே காலடியில் வந்து நிற்கும். பிழை தெரியும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறொன்று என்னும் இவ்வுண்மையைக் கண்டுகொள்வதே பயிற்றுநரின் தொழிலறிவு. நன்றாகத் தாண்டத் தெரிந்தவர் எல்லார்க்கும் இது தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது குறை, ஆடிப் பெற்ற அறிவு ஆடிய காலத்தோடு நின்றுவிடுதல். சடுகுடு ஆடிய நாளில் மூச்சு உள்ளவரை பாடலாம். ஆகவே மூச்சை வளர்ப்பதே பயிற்சியில் முதலிடம் பெற்றது. இன்றைய கபடி விதியில் ஒரு பாட்டுக்கு 30 விநாடிகளே உண்டு. மண்ணில் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம், பெரும் போட்டிகளில் காலணியோடு செயற்கை விரிப்பின்மீது ஆடப்படுகிறது. மண்ணில் வழுக்கிக் கொடுத்துத் தப்பிய பாதம் விரிப்பில் பற்றிக்கொள்கிறது. திடீரெனத் திரும்பினால் பாரம் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆடியவர் தாம் ஆடிய வண்ணமே பழக்கினால், இல்லாத ஆட்டத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்பவர் ஆவார்.

கல்விக்கூடத்து அறிவு

பயிற்றுவித்தல் தனியே கற்கத்தக்கதோர் தொழில் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியது சென்னையிலேதான். அமெரிக்க நாட்டினரான ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் அங்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று எழுந்த முதல் நிலையம் அதுவாகும். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியை உடன் நின்று நடத்திச் சென்றவரும் அவரே.

அவர் பயின்ற ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில்தான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தை வகுத்தார். அங்கே பயின்ற வில்லியம் மார்கன் என்பார் 1895-இல் வாலிபால் எனப்படும் கைப்பந்தை வகுத்தார். நம் ஊர்த் திடல்களில் இன்று ஆடப்படும் கைப்பந்து, ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியர்க்குக் கற்பித்த சங்கிலியின் வழியே இங்கு வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

விடுதலைக்குப்பின் இத்துறையில் அரசின் முயற்சிகள் தொடர்ந்தன. 1953-இல் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரால் பயிற்சித் திட்டம் ஒன்று ஏற்பட்டது. 1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1961-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், பாட்டியாலா மன்னரின் பழைய மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிலையம் திறக்கப்பெற்றது. பின்னர் நேதாஜி சுபாஷ் பெயரைப் பெற்ற அந்நிலையமே நம் நாட்டின் விளையாட்டுப் பயிற்றுநர்களுக்குத் தாய்வீடு. ஆசிரியரும் பிறரும் பயிலத்தக்க ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சியும், தொழிலாகவே மேற்கொள்வோர்க்குப் பட்டயப் படிப்பும் அங்கு நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் 1992-இல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், 2005-இல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன.

இக்கல்விக்கூடங்களில் கற்பிக்கப்படுவன யாவை? உடலின் எலும்பு, தசை அமைப்பு, நெஞ்சும் நுரையீரலும் உழைப்புக்கு ஈடுகொடுக்கும் முறை, வளரும் குழந்தையின் உடல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது, ஒரு பருவத்துக்கான பயிற்சியைக் கிழமை கிழமையாகப் பகுத்துத் திட்டமிடுதல், காயத்துக்கு முதலுதவி, விதிகள், மனநூல். இவற்றுள் எதுவும் வெறும் ஆட்டத்தால் வந்துவிடாது.

ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அரசுப் பணியில் சேர்ந்தோர் பவானிசாகர்ப் பயிற்சி நிலையத்தில் விதிகளைக் கற்கின்றனர். ஆனால் ஒரு மனுவின் பின்னே நிற்கும் மனிதரின் குறையைப் புரிந்துகொண்டு கோப்பு எழுதும் நுட்பம், இருக்கையில் அமர்ந்து மூத்தோரோடு பழகிய பின்னரே வருகிறது. பயிற்றுநரின் நிலையும் அதுவே. நாற்பது பிள்ளைகள், இரண்டு பந்துகள், அரைமணி நேர வெளிச்சம் என்னும் நிலையில் என்ன செய்வது என்பதற்கு எந்தப் பாடநூலிலும் விடை இல்லை.

களத்தில் பெறும் அறிவு

மூன்றாம் ஊற்றுக்கு வருவோம். கனடாவில் வேட் கில்பர்ட், பியேர் ட்ருடேல் என்னும் இரு அறிஞர்கள், சிறுவர் அணிகளைச் செம்மையாய்ப் பழக்கிவந்த ஆறு பயிற்றுநர்களைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கண்டது யாதெனில், அனுபவம் மட்டுமே ஒருவரை ஆசிரியராக்குவதில்லை. களத்தில் ஓர் இடர்ப்பாடு எழும்போது, ‘இது ஏன்?’ என்று நின்று எண்ணுகின்றவர், தமக்கு நம்பிக்கையான மற்றொரு பயிற்றுநரிடம் உசாவுகின்றவர், புதிய வழியொன்றைச் செய்து பார்த்துப் பயனை மதிப்பிடுகின்றவர் எவரோ அவரே கற்கிறார். எண்ணாதவர்க்குப் பத்தாண்டு அனுபவமும் ஓராண்டு அனுபவத்தைப் பத்து முறை திரும்பச் செய்ததாகவே முடியும்.

இதற்கு உலகறிந்த சான்று ஜான் வுடன். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்து அணியைப் பழக்கி, 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். அவர் ஆங்கில ஆசிரியராய்ப் பணியாற்றியவர். ஒவ்வொரு நாளின் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் முன்கூட்டித் திட்டமிட்டுச் சிறு அட்டையில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். அவ்வட்டைகளைப் பல்லாண்டு பாதுகாத்து, பழைய ஆண்டில் இதே நாளில் என்ன செய்தோம், என்ன பயன் விளைந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்.

1974-75-ஆம் ஆண்டுப் பருவத்தில் இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய 15 பயிற்சி வேளைகளில் ஓரமாய் அமர்ந்து, அவர் வாயிலிருந்து வந்த கற்பித்தற் செயல்களை ஒவ்வொன்றாகக் குறித்தனர். மொத்தம் 2,326. அவற்றுள் சரிபாதி, ‘இதை இப்படிச் செய்’ என்னும் தெளிவான சுருங்கிய அறிவுரைகள். பாராட்டுதல் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. வெறுமனே கடிந்துகொள்ளுதலும் ஏறக்குறைய அவ்வளவே. நம் ஊர்த் திடலோரம் ஒரு நாள் நின்று, பயிற்றுநர் வாயிலிருந்து வருவனவற்றில் அறிவுரை எத்தனை, ஏச்சு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். விமானப் படையில் பணியாற்றிய ஓ. எம். நம்பியார், பாட்டியாலாவில் பயிற்றுநர் கல்வி பெற்று, 1976-இல் கேரளத்தின் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தார். அங்குப் பயில வந்த சிறுமி பி. டி. உஷாவின் திறத்தைக் கண்டு வளர்த்தவர் அவரே. மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக இடம்பெற்றது. உலகெங்கும் அனுபவம் குறைவாயிருந்த அவ்வோட்டத்தில் உஷா விநாடியின் நூற்றிலொரு பங்கில் மூன்றாமிடத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1985-இல் பயிற்றுநர்களுக்கென்று துரோணாச்சாரியர் விருது ஏற்படுத்தப்பெற்றபோது முதன்முதலில் அதனைப் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர். ஓடிய அனுபவமும், பாட்டியாலாவின் கல்வியும், ஒரே மாணவியைப் பல்லாண்டு நாள்தோறும் கூர்ந்து கவனித்த பயனும் அவரிடம் ஒன்றுகூடின.

பிறரை அறிதலும் தொழிலறிவே

பயிற்றுநரின் அறிவை மூன்று கூறாகப் பிரித்து, தொழிலை அறிதல், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று 2009-இல் ழான் கோத்தே, வேட் கில்பர்ட் என்னும் அறிஞர்கள் வகுத்துரைத்தனர். இவற்றுள் நடுவிலுள்ளதை நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம்.

2018-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகளிர் கபடி இறுதியாட்டத்தில் இந்திய அணியை ஈரான் அணி வென்றது. வென்ற அணியைப் பழக்கியவர் நம் நாட்டவரே. மகாராட்டிரத்து நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஈரானுக்குச் சென்ற அவர், தம் மாணவியரோடு பேசுவதற்காகப் பாரசீக மொழியைக் கற்றுக்கொண்டார். கபடியில் அவருக்கிருந்த அறிவு மாணவியர் உள்ளத்தைச் சென்றடைய அம்மொழி வழியாயிற்று. பிள்ளையின் மொழியில் பேசுதல் வேண்டும் என்பது வேறு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. களையெடுத்துவிட்டு வரும் பெண், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன், காலையுணவு கொள்ளாது ஓட வந்துள்ள சிறுவன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் ஒரு மொழி உண்டு. அதனை அறியாதவர் எத்தனை சான்றிதழ் பெற்றிருந்தும் பயனில்லை.

அறியாமையால் நேரும் கேடு

இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பயிற்றுநரின் அறிவுக் குறைவுக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

பத்து முதல் பதினைந்து வயது வரை எலும்பு விரைந்து வளரும். அப்போது குதிகாலிலும், முழங்கால் சில்லுக்குக் கீழேயும் வலி தோன்றுதல் உண்டு. வளரும் எலும்பின் முனையைத் தசைநார் இழுப்பதால் வருவது அது. அச்சமயம் குதித்தலையும் விரைந்தோடலையும் குறைக்க வேண்டும். அறியாத பயிற்றுநர், சோம்பல் என்று எண்ணித் தவளைத் தாவலைத் தண்டனையாகக் கொடுக்கிறார். ஓடும்போது தண்ணீர் குடித்தால் உடல் கனத்துவிடும் என்னும் பழைய நம்பிக்கை சில இடங்களில் இன்னும் உள்ளது. சித்திரை, வைகாசி வெயிலில் இது உயிருக்கே இடர் தரும். அடிக்கடி சிறிது சிறிதாக நீர் அருந்துவதே சரி. காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதற்காக, முதல் நாளிலேயே முழுத் தொலைவையும் முழு வேகத்தில் ஓடி, கணைக்கால் எலும்பு வலியோடு மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும் இளைஞர் பலர். அவர்கள் இழப்பது ஒரு பந்தயம் அன்று. ஒரு குடும்பத்தின் வேலைவாய்ப்பு.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. மாதவிடாய் நாள்களைப் பற்றிப் பேசவும் கேட்கவும் அறியாத பயிற்றுநரிடம் ஒரு சிறுமி தன் துன்பத்தைச் சொல்லாமலேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறாள். தொடுதலிலும் சொல்லிலும் எல்லை காத்தல், 2012-ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருத்தல் ஆகியவையும் தொழிலறிவின் பகுதியே என்பதை வலியுறுத்த விரும்புகிறோம்.

இருவர் கூடிக் கற்ற கதை

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ஓட்டத்திலும் தாண்டுதலிலும் தேர்ந்தவர். மாணவியர் கபடி அணியைப் பழக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. விதிகளை நூலில் படித்து ஐயமறக் கற்றிருந்தார். எனினும் அணி பிடியில் தொடர்ந்து தோற்றது. அதே ஊரில் அறுபது வயதைக் கடந்த பழைய கபடி ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர். திடலின் வேலியோரம் நின்று ஆட்டத்தைப் பார்ப்பதோடு சரி.

ஆசிரியை ஒரு நாள் அவரை அழைத்து, ‘ஐயா, எங்கே பிழை என்று சொல்லுங்கள்’ என்றார். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ‘பிள்ளைகள் கையைப் பார்க்கிறார்கள், டீச்சர், காலைப் பார்ப்பதில்லை. பின்காலில் பாரத்தை வைத்துக்கொண்டு முன்னே எட்டினால் பிடி எப்படி நிற்கும்?’ என்றார். அன்றுமுதல் கிழமைக்கு ஒரு மாலை அவர் வரலானார். அவரிடமிருந்து ஆசிரியை பிடியின் நுணுக்கங்களையும், இருவர் கைகோத்துப் பிடிக்கும் சங்கிலிப் பிடியில் யார் முதலில் நகர வேண்டும் என்பதையும் கற்றார். ஆசிரியையிடமிருந்து அப்பெரியவர், ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் முறையையும், தலை தாழ்த்தி மோதினால் கழுத்துக்கு நேரும் ஆபத்தையும், 30 விநாடி விதியையும் கற்றார். அணி உடனே பெரும் பட்டம் எதனையும் வென்றுவிடவில்லை. ஆனால் அவ்வாண்டில் எந்த மாணவியும் காயத்தாலோ மனக்கசப்பாலோ ஆட்டத்தை விட்டு நீங்கவில்லை. வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர்க்கு இதுவே பெரிய வெற்றியாகத் தோன்றுகிறது.

நாம் செய்யத்தக்கவை

ஊராட்சிதோறும் பயிற்றுநர் வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. 2008-09-இல் மைய அரசு தொடங்கிய ஊராட்சி இளைஞர் விளையாட்டு இயக்கத்தில், ‘கிரீடாஸ்ரீ’ என்னும் பெயரால் ஊர்தோறும் ஒரு தொண்டர்ப் பயிற்றுநரை அமர்த்த வகை செய்யப்பெற்றது. அத்திட்டம் பின்னர் உருமாறி, 2016 முதல் கேலோ இந்தியாத் திட்டத்துள் அடங்கிற்று. திட்டங்கள் வரும், பெயர் மாறும். ஊரில் தங்கும் அறிவு ஒன்றே நிலைத்த செல்வம். அதற்கென ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளத்தக்க சிலவற்றைக் கீழே தருகிறோம்.

1. ஊரில் பயிற்சி அளிப்போர் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுக. பழைய ஆட்டக்காரர், சிலம்ப ஆசான், உடற்கல்வி ஆசிரியர், ஓட்டம் பழக்கும் இளைஞர் ஆகிய எவரையும் விட்டுவிடலாகாது.

2. அண்டையிலுள்ள நான்கைந்து ஊராட்சிகளின் பயிற்றுநர்கள் மாதம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஊர்த் திடலில் கூடுக. ஒருவர் பழக்க, மற்றவர்கள் பார்த்துத் தம் கருத்தைக் கூறுக. குறை காணும் கூட்டமாக அன்றிக் கற்கும் கூட்டமாக அது நடைபெறுதல் வேண்டும். இதற்குச் செலவு தேநீர்ச் செலவே.

3. பயிற்றுநர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. இன்று செய்ய எண்ணியது யாது, நடந்தது யாது, நாளை மாற்ற வேண்டுவது யாது என்று மூன்று வரி எழுதினால் போதும். எழுதப் பழகாதவர் சொல்ல, மாணவர் ஒருவர் எழுதிக்கொள்ளலாம்.

4. ஆர்வமும் தகுதியும் உள்ள இளைஞர்க்குச் சான்றிதழ்ப் பயிற்சிகளைப் பற்றி எடுத்துக் கூறி விண்ணப்பிக்கச் செய்க. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் வழியே விவரம் பெறலாம். பயின்று திரும்புவோர் தாம் கற்றதை மாதக் கூட்டத்தில் பிறர்க்கு உரைத்தல் கடமை.

5. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழைத்து, சுளுக்கு, எலும்பு முறிவு, தலைக்காயம், வெப்ப மயக்கம் ஆகியவற்றுக்குரிய முதலுதவியைக் கற்றுக்கொள்க. 108 வண்டி வரும்வரை செய்யத்தக்கனவும் செய்யத்தகாதனவும் யாவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

6. பெண்களைப் பயிற்றுநராக்க முயல்க. பள்ளி நாளில் ஆடிய பெண்கள் ஊர்தோறும் உள்ளனர். மணமானபின் திடலை மறந்திருப்பர். மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியே அவர்களை அழைத்தால் வருவர். அவர்கள் வந்தால் சிறுமியரும் வருவர்.

பந்து தேயும், வலை கிழியும், மட்டை முறியும். அவற்றை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் முழங்காலையும், ஆட்டத்தின்மீது அதற்கிருந்த ஆசையையும் மீண்டும் வாங்கித் தருதல் எவர்க்கும் இயலாது. அவ்விரண்டையும் காப்பது பயிற்றுநரின் அறிவு. அவ்வறிவு வளர, ஆடியவர் படிக்கவும், படித்தவர் களத்தைக் கேட்கவும், இருவரும் ஒருவரையொருவர் நாடவும் வேண்டும். அதற்கான இடத்தையும் நேரத்தையும் ஊர் ஒதுக்கித் தருமாயின், நம் வட்டாரத் திடல்களில் ஆடும் பிள்ளைகள் நலமாகவும் மகிழ்வாகவும் வளர்வர் என்பது நம் துணிபு.